பொலன்னறுவை: படையெடுப்பும் குடியேற்றமும்

வரலாற்றாசிரியர் அல்-பலாதுரீ (மறைவு: ஹிஜ்ரி 279 / கி.பி. 892) தமது ‘ஃபுதூஹுல் புல்தான்’ நூலில், சிந்துவின் தேபல் துறைமுகம் வெல்லப்பட்டதை விவரிக்கிறார். முஹம்மது பின் காசிம் அங்கு முஸ்லிம்களுக்கென மனையிடம் வகுத்ததையும், பள்ளிவாசல் எழுப்பியதையும், நாலாயிரம் பேரைக் குடியமர்த்தியதையும் மாணவர்கள் நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள். அதற்குச் சற்று முன்னர், மூன்று நாட்கள் நீடித்த கொலையையும் அவர் மறைக்காமல் எழுதியுள்ளார். அந்த இடத்தில் மட்டும் வாசிப்பின் வேகம் கூடிவிடும்.

இதே வேகம், சோழர் ஈழம் கொண்ட வரலாற்றை வாசிக்கும்போது தமிழராகிய நமக்கும் வந்துவிடுகிறது. புதுவாயலுக்கு அருகே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. பொலன்னறுவை என்பது நமக்குப் பாடநூலில் கண்ட பெயர். கடல் கடந்து வந்த அவர்களுக்கோ தங்கள் நாட்டின் ஒரு மாவட்டம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகராயிருந்த அநுராதபுரம், கி.பி. 993 அளவில் முதலாம் இராசராசனின் படையெடுப்பில் சிதைந்தது. 1017இல் இராசேந்திரனின் படை மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. அவன் சோழநாட்டிலேயே இறந்தான். விகாரைகளின் தாதுப் பேழைகள் உடைக்கப்பட்டுப் பொருள் கொள்ளைபோனதாகச் சூளவம்சம் கூறுகிறது. அது தோற்றவர் தரப்பில் பிக்குகள் எழுதிய நூல்தான். ஆனால் பிக்குணிகளின் சங்கம் அக்காலத்தோடு மறைந்து, பல நூற்றாண்டுகள் மீளாமற் போனதை மிகைக்கூற்றென ஒதுக்க முடியாது.

சோழர் அநுராதபுரத்தில் அமரவில்லை. தெற்கே உரோகணத்தில் எதிர்ப்பு ஓயாதிருந்தது. அங்கிருந்து வருவோர் கடக்க வேண்டிய மகாவலி ஆற்றுத் துறைகளைக் காவல் செய்யப் பொலன்னறுவையே ஏற்ற இடம். சிங்கள மன்னர்களும் முன்னரே அதைப் பாசறையாகவும் இருப்பிடமாகவும் கொண்டிருந்தனர். இராசராசனின் விருதுப்பெயரால் அந்நகர் ‘ஜனநாதமங்கலம்’ ஆயிற்று. அங்கு கல்லில் எழுந்த வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் நிற்கிறது. சோழமண்டலத்துக் கோயில் ஒன்றைப் பெயர்த்து வைத்தாற்போன்ற அமைப்பு. மேற்குக் கரையில் மாதோட்டம் ‘இராசராசபுரம்’ எனப் பெயர் பெற்றது.

1070இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான். முடிசூட்டு விழாவை மரபு கருதி அநுராதபுரத்தில் நடத்தினாலும், ஆட்சி செலுத்தியது பொலன்னறுவையிலிருந்துதான். பகைவர் தேர்ந்த தலைநகரை அவன் பெயர் மாற்றித் தனதாக்கிக்கொண்டான். உபசம்பதா தீட்சையை மீட்கப் பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்தான். வேளைக்காரர் எனும் தமிழ்ப் படையினரையோ பணியிலேயே வைத்துக்கொண்டான். சோழர்மீது படையெடுக்கப் பணித்தபோது அவர்கள் கலகம் செய்தனர்; கலகம் ஒடுக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் நகரைவிட்டு அகலவில்லை. விசயபாகுவின் மறைவுக்குப்பின், புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காப்பதாக உறுதிபூண்டு அவர்கள் பொறித்த கல்வெட்டு பொலன்னறுவையில் உள்ளது. அதன் மொழி தமிழ்.