எஞ்சின் மாற்றினால் ஏசி ஏன் அடம்பிடிக்கிறது?

வேறு எஞ்சினை இறக்கியாயிற்று. வண்டி ஜோராக ஓடுகிறது, ஏசி பட்டனைத் தட்டினால் வெறும் காற்றுதான். உடனே கேஸை நோண்டாதீர்கள், முதலில் ஒயரிங்.

பழைய வண்டிகளில் பட்டன், தெர்மோஸ்டாட், பிரஷர் சுவிட்ச் வழியாகக் கரன்ட் நேரே கம்ப்ரசர் கிளட்ச்சுக்குப் போகும். புதிய எஞ்சின்களில் பட்டன் வெறும் மனுதான்; கையெழுத்து இசிஎம் என்கிற எஞ்சின் கம்ப்யூட்டருடையது. கேஸ் அழுத்தம், எஞ்சின் சூடு, ஆக்சிலரேட்டர் மிதிப்பு பார்த்த பிறகே பல இசிஎம்கள் கம்ப்ரசர் கிளட்ச்சின் ரிலே காயிலுக்கு எர்த் கொடுக்கும். மனுவை 12 வோல்ட்டாகக் கேட்பதும் உண்டு, எர்த்தாகக் கேட்பதும் உண்டு. கேன் (CAN) டேட்டா லைனில் மட்டுமே கேட்கும் ரகம்தான் பெரிய தலைவலி. அழுத்தத்தைச் சொல்ல, பழைய இரண்டு ஒயர் சுவிட்சுக்குப் பதில் 5 வோல்ட் மூன்று ஒயர் சென்சாரை எதிர்பார்ப்பவையும் இருக்கின்றன.

கோளாறு எந்தப் பக்கம் என்று பார்க்க, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். அந்த ரிலேயைக் கழற்றி, சாக்கெட்டின் 30, 87 துளைகளை ஃபியூஸ் போட்ட ஒயரால் ஒரு நொடி இணையுங்கள். 'டக்' என்று கிளட்ச் ஒட்டினால் கரன்ட் பாதை சரி. கோளாறு கட்டளைப் பக்கம். சத்தமே இல்லையா? ஃபியூஸ், கிளட்ச் காயில், அதன் எர்த். நல்ல காயில் மல்டிமீட்டரில் சுமார் 3 முதல் 5 ஓம் காட்டும்.

பிரஷர் சுவிட்சை ஷார்ட் செய்தே ஓட்டுகிறவர்கள் உண்டு. அது ஆபத்து: கேஸோடுதான் ஆயிலும் சுற்றுகிறது. தடுக்க சுவிட்ச் இல்லாமல், கேஸ் தீர்ந்தும் சுழலும் கம்ப்ரசர் வறண்டு ஜாம் ஆகிவிடும்.