ஒரு நூல் பிசகினால் மூன்று அங்குலம்

சென்னையில் 1970களில் மாடிப் பேருந்தில் முதன்முதலாக ஏறிய சிறுவர்கள் இன்று அறுபது வயதை எட்டிவிட்டார்கள். இடையில் நிறுத்தப்பட்டு, 1997இல் மீண்டும் வந்த அப்பேருந்துகள் 2008ஆம் ஆண்டுடன் சாலையிலிருந்து விடைபெற்றன. உயர் நீதிமன்றத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில் 18ஏ தடத்தில் ஓடிய அந்த வண்டியின் மேல்தள முன்வரிசைக்காகப் போட்டியிட்டவர்கள் பலர். அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கோ, மாடிப் பேருந்து என்பது பழைய திரைப்படங்களில் சில நொடிகள் கடந்துபோகும் காட்சி மட்டுமே.

ஒரு வண்டி சாலையை விட்டுப் போன பிறகு அதன் உருவத்தை முழுமையாகத் தாங்கி நிற்கக்கூடியவை மிகச் சில. ஒளிப்படம் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும். நினைவு அளவுகளை மறந்துவிடும். அளவெடுத்துக் கையால் செய்யப்படும் சிறு மாதிரி, வண்டியின் எல்லாப் பக்கங்களையும் ஒரே பொருளில் காத்து வைக்கிறது. அத்தகைய மாதிரிகளைக் குறைந்த எண்ணிக்கையில் செய்துவரும் என்னிடம் பலரும் கேட்பது, “ஒரு பொம்மைக்கு இவ்வளவு உழைப்பா?” என்பதுதான். அக்கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இது என் பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல; வட சென்னையின் தொழில் வரலாற்றைப் பற்றிய கேள்வியும்கூட.

எண்ணூரின் பிள்ளை: நான் வசிக்கும் சாத்தாங்காட்டை வெளியூர்க்காரர்கள் இரும்புச் சந்தையை வைத்தே அறிவார்கள். ஜார்ஜ் டவுனின் நெரிசலான தெருக்களில் நடந்துவந்த இரும்பு, எஃகு வணிகத்துக்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த வளாகம் அது. அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே எண்ணூர். 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கியது அங்கேதான். 1955இல் அது பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் இணைந்து அசோக் லேலண்ட் ஆயிற்று. 1967இல் அந்நிறுவனம் ‘டைட்டன்’ என்ற மாடிப் பேருந்தை அறிமுகப்படுத்தியது. இந்திய நகரங்களின் மாடிப் பேருந்து வரலாற்றில் எண்ணூருக்கு இப்படியொரு பங்கு இருப்பது, எண்ணூரைச் சுற்றி வாழும் இளைஞர்கள் பலருக்கே தெரியாது.

அளவு என்னும் ஒழுக்கம்: மாதிரிக் கலையின் முதல் விதி, ஒரே விகிதத்தை எங்கும் பிசகாமல் காப்பது. பேருந்து மாதிரிகளில் 76இல் ஒரு பங்கு, 43இல் ஒரு பங்கு, 24இல் ஒரு பங்கு ஆகியவை பரவலாகப் புழங்கும் விகிதங்கள். 1956இல் லண்டனில் சேவைக்கு வந்த புகழ்பெற்ற ரூட்மாஸ்டர் பேருந்தின் நீளம் ஏறத்தாழ 8.4 மீட்டர். அது 76இல் ஒரு பங்கு மாதிரியில் 11 செ.மீ. ஆகி உள்ளங்கையில் அடங்கும். 24இல் ஒரு பங்கில் 35 செ.மீ. நீளமாகி மேசை மீது கம்பீரமாக நிற்கும்.

நம் தச்சர்களும் கொல்லர்களும் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை ‘நூல்’ என்பார்கள். பெரிய வேலையில் ஒரு நூல் கூடுவதையும் குறைவதையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. 24இல் ஒரு பங்கு மாதிரியிலோ ஒரு நூல் பிசகினால், உண்மையான வண்டியில் மூன்று அங்குலம் பிசகியதாகப் பொருள். மேல்தளச் சன்னல் மூன்று அங்குலம் தாழ்ந்துவிட்டால், அந்த வண்டியில் பயணம் செய்தவர் ஒரே பார்வையில் “ஏதோ சரியில்லை” என்பார். எது சரியில்லை என்று அவரால் சொல்ல இயலாது. ஆனால், அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

விகிதத்தைக் கடைப்பிடிக்கவே முடியாத இடங்களும் உண்டு. ஒரு மில்லிமீட்டர் தகட்டை 24இல் ஒரு பங்காக்கினால் 0.04 மி.மீ.; நாளிதழ்த் தாளைவிட மெலிது. அதைக் கொண்டு உறுதியான சுவர் எழுப்ப முடியாது. எனவே தகட்டின் தடிமனை உள்பக்கமாக ஒளித்து, சன்னல் விளிம்பில் மட்டும் சாய்வாக இழைத்து மெலிதாகக் காட்டுவோம். மாதிரியின் மேல் 0.1 மி.மீ. கனத்துக்கு வண்ணம் ஏறிவிட்டால், அது உண்மை வண்டியில் 2.4 மி.மீ. கனத்துக்குப் பூசியதற்கு ஒப்பாகும். ஆணித் தலைகளும் தகட்டு இணைப்புகளும் அதில் மூழ்கிவிடும். அதனால்தான் தூரிகையை விடுத்து, காற்றுத் தெளிப்பானால் படலம் படலமாக வண்ணம் ஏற்றுகிறோம்.

வண்ணத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மாதிரியை அரை மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பது, உண்மை வண்டியை 12 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். தொலைவில் நிற்கும் வண்டியின் நிறம் சற்று வெளிறியே தெரியும். பணிமனையில் பூசிய அதே வண்ணத்தை மாதிரியில் பூசினால் அது அடர்ந்து, பொம்மைபோலத் தோன்றும். சிறிதளவு வெண்மை கலந்தால்தான் கண் அதை நம்பும். எந்த இடத்தில் அளவுக்குக் கட்டுப்படுவது, எந்த இடத்தில் கண்ணுக்குக் கட்டுப்படுவது என்று முடிவெடுப்பதில்தான் கைவினைஞரின் தேர்ச்சி இருக்கிறது.

கூண்டுக்கு ஒரு முகம்: இந்தியப் பேருந்துகளை மாதிரியாக்குவதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நம் நாட்டில் நெடுங்காலமாக உற்பத்தி நிறுவனம் அடிச்சட்டத்தையும் இன்ஜினையும் மட்டுமே தரும். அதன் மேல் கூண்டு கட்டுவது வேறொருவர் வேலை. போக்குவரத்துக் கழகங்களின் பணிமனைகளும், கரூர் போன்ற ஊர்களின் பட்டறைகளும் கூண்டு கட்டுவதில் பெயர் பெற்றவை. கையால் கட்டப்பட்டதால் ஒரே அடிச்சட்டத்தின் மேல் எழுந்த கூண்டுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. மும்பை மாடிப் பேருந்துக்கும் சென்னை மாடிப் பேருந்துக்கும் அடிச்சட்டம் ஒன்றாகலாம், முகம் வேறு.

எனவே வெளிநாட்டு வரைபடத்தை வாங்கி நம்மூர் வண்டியைச் செய்துவிட முடியாது. வரைபடம் கிடைக்காதபோது ஒளிப்படத்திலிருந்துதான் அளவெடுக்க வேண்டும். நேர் பக்கவாட்டில் எடுத்த படமாக இருந்தால் டயரே அளவுகோல். 10.00-20 என்ற அளவுள்ள டயரின் விட்டம் ஏறத்தாழ 1,050 மி.மீ. என்பது தெரிந்ததே. படத்தில் டயர் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தால், சன்னல், கதவு, மேல்தள உயரம் யாவும் கணக்கில் கிடைத்துவிடும். ஆனால், உள்ளே திரும்பி ஏறும் படிக்கட்டை எந்தச் சாலைப் படமும் காட்டாது. அதற்கு, அந்தக் கூண்டைக் கட்டியவரையோ அதில் டிக்கெட் கிழித்த நடத்துநரையோதான் தேடிப்போக வேண்டும்.

எழுத்துகளிலும் கவனம் தேவை. தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது 1978இல். அதற்கு முந்தைய வண்டியைச் செய்பவர், பலகையில் ‘அண்ணா சாலை’ என்று இன்றைய வடிவில் எழுதிவிடக் கூடாது. அந்தச் சொற்களில் உள்ள ‘ணா’வும் ‘லை’யும் அன்று வேறு வடிவின. ‘லை’யின் தலையில் யானைத் துதிக்கை போன்ற கொம்பு இருந்தாக வேண்டும். கால் மில்லிமீட்டர் கோட்டில் அதை எழுதும்போது, ஒரு வண்டியின் வரலாற்றோடு நம் மொழியின் வரலாறும் அதில் சேர்ந்துகொள்கிறது.

எண்ணிக்கைக்கு ஏன் வரம்பு? ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்றதும் விலையேற்றும் தந்திரம் என்று ஐயுறுவோர் உண்டு. பெரிய நிறுவனங்கள் எஃகு அச்சில் உலோகத்தை ஊற்றி ஆயிரக்கணக்கில் வார்க்கின்றன. கைவினைஞர் செய்வது வேறு. முதலில் பித்தளையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் ஒரு மூல வடிவம். அதைச் சுற்றி சிலிக்கான் ரப்பர் அச்சு. அந்த அச்சில் பிசினை ஊற்றி வார்ப்பு. சன்னல் சட்டம், வடிகட்டித் தகடு, கைப்பிடி போன்றவை அமிலத்தால் அரித்தெடுத்த மெல்லிய பித்தளை. ரப்பர் அச்சு சில பத்து வார்ப்புகளுக்குள் தேய்ந்து, கூர்மையை இழந்துவிடும். ஆக, வரம்பை முதலில் விதிப்பது சந்தை அல்ல; அச்சும் செய்பவரின் கையும்தான்.

அதேநேரம், ஒரே வடிவத்துக்கு வேறு வண்ணமும் வேறு எண்ணும் கொடுத்து, ஒவ்வொன்றையும் ‘அரிய பதிப்பு’ என்று விற்கும் வழக்கமும் உலகச் சந்தையில் இருக்கிறது. அது சேகரிப்பாளரின் ஆசையை விலையாக்கும் செயல். பதிப்பின் அடித்தட்டில் பொறிக்கப்படும் எண்ணுக்குப் பெருமை தருவது அதன் அருமை மட்டுமல்ல. அதன் பின்னால் உள்ள அளவுகளின் உண்மையும்தான்.

பிறர் செய்தது, நாம் செய்யாதது: லண்டன், தன் ரூட்மாஸ்டர்களை 2005இல் வழக்கமான தடங்களிலிருந்து விலக்கியபோது, அவ்வண்டிகளையும் ஆவணங்களையும் காக்க ஏற்கெனவே ஒரு போக்குவரத்து அருங்காட்சியகத்தை வைத்திருந்தது. மும்பையில் 1937இல் தொடங்கிய டீசல் மாடிப் பேருந்துகளின் பயணம் 2023 செப்டம்பரில் முடிந்தபோது, ரசிகர்கள் திரண்டு விடை கொடுத்தார்கள். அந்நகரின் பெஸ்ட் நிறுவனத்துக்கு ஆணிக் பணிமனையில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. பழைய டிராம்களும் பேருந்துகளும் அங்கே மாதிரி வடிவில் வாழ்கின்றன. நம் பெரம்பூரில் 2002இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகம், ரயில்பெட்டித் தொழிற்சாலையின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறது. பெட்டி செய்த பெரம்பூருக்குக் கிடைத்த பெருமை, பேருந்து செய்த எண்ணூருக்கும் கிடைக்க வேண்டாமா?

எண்ணெய்க் கசிவும் சாம்பலும் வாயுக் கசிவும் நிகழும்போது மட்டுமே செய்திகளில் இடம்பெறும் பகுதி இது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் எங்கும் எண்ணெய் படர்ந்ததை நாடே பார்த்தது. இத்தகைய துயரங்களுக்கு நடுவே பேருந்து மாதிரியைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று சிலர் கருதலாம். நான் அப்படிக் கருதவில்லை. ஒரு பகுதி எதை இழந்தது என்பதுடன், எதை உருவாக்கியது என்பதும் பதிவாக வேண்டும். தன் முன்னோரின் கைத்திறனை அறியாத தலைமுறையிடம், இந்த மண் காப்பாற்றத் தக்கது என்று எப்படிச் சொல்வது?

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. பணிமனைகளிலும் ஆலைகளிலும் எஞ்சியிருக்கும் பழைய கூண்டு வரைபடங்களை எண்மப் படிகளாக்கிப் பொதுவில் வைக்கலாம். கூண்டு கட்டியவர்கள், தகட்டு வேலை செய்தவர்கள், பலகை எழுதிய ஓவியர்கள் ஆகியோரின் நினைவுகளை அவர்கள் இருக்கும்போதே பதிவுசெய்யலாம். தமிழகத்திலும் கேரளத்திலும் ஃபோம் தகடுகளை வெட்டித் தனியார் பேருந்துகளை வியக்கத்தக்க நுட்பத்தில் செய்யும் இளைஞர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களிடம் ஆர்வமும் பொறுமையும் நிறைந்திருக்கின்றன. நம்பகமான அளவுகள் கைக்கு வந்தால், அவர்கள் செய்பவை ஆவணங்களாகிவிடும். தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கும் இதைவிடச் சிறந்த வரைபடப் பயிற்சி இருக்க முடியாது.

மாதிரி செய்வோருக்கும் ஒரு கடமை உண்டு. ஒவ்வொரு பதிப்பிலும் முதல் எண் கொண்ட மாதிரி, விற்பனைக்குப் போகாமல் அந்த வண்டி ஓடிய ஊரின் நூலகத்துக்கோ பள்ளிக்கோ செல்ல வேண்டும். கண்ணாடிப் பேழைக்குள் சேகரிப்பாளர் ஒருவர் மட்டும் பார்ப்பதற்காக அந்த வண்டி ஓடவில்லை. அதில் ஊரே ஏறிச் சென்றது.

அசோக் லேலண்டின் துணை நிறுவனமான ஸ்விட்ச், 2022 ஆகஸ்டில் மும்பையில் மின்சார மாடிப் பேருந்தை அறிமுகப்படுத்தியது. மாடிப் பேருந்தின் கதை முடிந்துவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று. இனி வரும் வண்டிகளின் அளவுகள் கணினியில் பத்திரமாக இருக்கும். சென்னையில் ஓடிய பழைய வண்டிகளின் அளவுகளோ மங்கிய நீலத்தாள்களிலும், முதுமையில் தளரும் சில கைகளிலும்தான் இருக்கின்றன. அந்தக் கைகள் ஓய்வதற்குள் அளந்துவிட வேண்டும்.