புது பைக்கில் ஆயில் கசிவு: "சகஜம்" என்று விட்டுவிடாதீர்கள்

பைக் வாங்கிச் சில மாதம்தான் ஆகியிருக்கும். காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு எண்ணெய்க் கறை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், "லேசா கசியறது சகஜம் சார், ஓட ஓட செட்டாயிடும்" என்று சொல்லி அனுப்புவார்கள். அதை நம்பித் திரும்பி வராதீர்கள். ஆயில் கசிவு ஓட ஓடச் சரியாகும் கோளாறு இல்லை, ஓட ஓட அதிகமாகும் கோளாறு. அதற்குள் வாரண்டி முடிந்துவிடும், செலவு உங்கள் தலையில் விழும்.

கசிவுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பாகம் தேய்ந்திருக்கலாம், சர்வீஸ் செய்தவர் வேலையைச் சரியாகச் செய்யாமல் விட்டிருக்கலாம், அல்லது வண்டி ஆலையிலிருந்து வரும்போதே குறையோடு வந்திருக்கலாம். மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் வேறு வேறு ஆள். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பலர் தவணை கட்டிக்கொண்டே, வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அதே சர்வீஸ் சென்டருக்குத் திரும்பத் திரும்ப அலைகிறார்கள்.

முதலில் ஆயில் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கியர் பெட்டிக்கென்று தனி ஆயில் கிடையாது. எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன, ஒரே ஆயிலில் நனைகின்றன. 100, 125 சிசி வண்டிகளில் அது மொத்தமே சுமார் 1 லிட்டர்தான். ஆகவே கியர் ஷாஃப்ட் பக்கம் சொட்டும் ஒவ்வொரு துளியும் பிஸ்டனுக்கும் சேர வேண்டிய துளி. "கியர் பக்கம்தான் கசியுது, எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் இந்த வண்டிகளுக்கு அது பொருந்தாது.

ஸ்கூட்டரின் அமைப்பு வேறு. பின் சக்கரத்தை ஒட்டி ஒரு சிறிய தனிக் கியர் பெட்டி, அதில் 100 மில்லியைக் கொஞ்சம் தாண்டும் அளவு ஆயில். சக்கரம் மாட்டியிருக்கும் ஷாஃப்டின் சீல் போய்விட்டால் அந்த ஆயில் நேராக பின் பிரேக் டிரம்முக்குள் இறங்கி, பிரேக் ஷூவை நனைக்கும். பிரேக் பிடித்தால் வழுக்கும், வண்டி நிற்காது. மோட்டார் சைக்கிளில் முன் ஸ்பிராக்கெட் பக்கம் கசியும் ஆயிலும் செயினோடு பின்னால் போய் டயரில் தெறிக்கக்கூடியதே. அதனால் இதைத் தரை அழுக்காகும் தொல்லை என்றோ ஆயில் செலவு என்றோ மட்டும் எண்ணக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

ஹார்லி டேவிட்சனின் பெரிய வண்டிகளில் எஞ்சின், கிளட்சை ஓட்டும் பிரைமரி செயின் அறை, கியர் பெட்டி மூன்றுக்கும் தனித்தனி ஆயில். அங்கே வெளியே ஒரு சொட்டு விழாமல், ஒரு அறையின் ஆயில் அடுத்த அறைக்குள் போய்விடும் கோளாறும் உண்டு. தரை சுத்தமாக இருக்கும், கியர் பெட்டி மட்டும் உள்ளே காய்ந்துகொண்டிருக்கும்.

"சகஜம்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு நம் ஊர் புல்லட்டே சாட்சி. 1955 முதல் சென்னையில் உருவான அந்த வண்டியின் பழைய மாடல்களில் எஞ்சின் தனி, கியர் பெட்டி தனி, இடது பக்கப் பிரைமரி செயின் உறையும் தனி. அந்த உறையின் வெளி மூடியை நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்திருக்கும். சுற்றிலும் ஆயிலைத் தடுக்க ஒரு ரப்பர் வளையம். கசிகிறதே என்று நட்டை இன்னும் இறுக்கினால் மூடி லேசாக வளைந்து இன்னும் அதிகமாகக் கசியும். புல்லட் என்றால் அடியில் ஒரு தட்டு வைக்க வேண்டும் என்று ஒரு தலைமுறையே பழகிப்போனது இப்படித்தான். 2008, 2009 வாக்கில் எஞ்சினையும் கியரையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிய புதிய அமைப்பு வந்ததும் அந்தக் கசிவுகளில் பெரும்பகுதி போய்விட்டது. அமைப்பை மாற்றியதும் கசிவு நின்றது என்றால், அதை வண்டியின் தலையெழுத்து என்று சொன்னதில் அர்த்தமில்லை.

இனி, கசியும் இடங்கள். கூட்டின் இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் இருப்பது கேஸ்கட், மெக்கானிக்குகள் பேக்கிங் என்பார்கள். ஒரு ஷாஃப்ட் சுழன்றுகொண்டே கூட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் இருப்பது ஆயில் சீல். கியர் பக்கத்துக் கசிவில் பெரும்பாலும் சிக்குவது இந்தச் சீல்தான். கியர் லீவர் மாட்டும் ஷாஃப்டில் ஒன்று, முன் ஸ்பிராக்கெட் மாட்டும் ஷாஃப்டில் ஒன்று, சில வண்டிகளில் கிளட்ச் புஷ் ராடுக்கு ஒன்று.

பழைய சீல் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெளியே ஒரு உலோக வளையம், உள்ளே ஷாஃப்டைத் தொடும் மெல்லிய ரப்பர் உதடு, அந்த உதட்டை ஷாஃப்டோடு அழுத்திப் பிடிக்க நூல் கனத்தில் ஒரு ஸ்பிரிங். ஆயிலைத் தடுப்பது அந்த உதட்டின் ஓரம் மட்டுமே. மாட்டும்போது உதடு மடங்கினால் கசியும். பிரஷர் வாஷ் தண்ணீர் மண்ணை உள்ளே தள்ளினால் உதடு தேய்ந்து கசியும். ஷாஃப்டின் மேல் ஒரு கீறல் இருந்தால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் கசியும். உள்ளே பேரிங் ஆட்டம் கொடுத்து ஷாஃப்ட் குலுங்கினாலும் அப்படியே.

மாற்றிய சீல் சில வாரத்திலேயே மறுபடி கசிகிறதா? அப்படியானால் சீலைக் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டு, அது உரசும் ஷாஃப்டையும் அதைத் தாங்கும் பேரிங்கையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான சர்வீஸ் சென்டர்கள் இதைத் தாமாகச் செய்வதில்லை. சீல் மாற்றும் வேலை சுலபம், ஷாஃப்டை மாற்ற எஞ்சினை இறக்கி, கூட்டைப் பிரிக்க வேண்டும். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓடும் வண்டியில் ஆயில் கீழேயும் பின்னேயும் காற்றில் இழுபடும். அதனால் சொட்டும் இடம் ஒன்றாகவும் கசியும் இடம் வேறாகவும் இருக்கும். எஞ்சினின் அடியையும் ஸ்பிராக்கெட் மூடியின் உள்பக்கத்தையும் பிரஷ்ஷும் கொஞ்சம் டீசலும் வைத்துச் சுத்தமாகக் கழுவித் துடையுங்கள். அங்கே படிந்திருப்பது செயின் லூப் கலந்த அழுக்காகவும் இருக்கலாம், அதையே கசிவு என்று பலர் பயப்படுகிறார்கள். நன்றாகக் காய்ந்ததும், பின் டயரிலும் பிரேக்கிலும் படாமல், சந்தேகப்படும் இடத்தில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தால், வெள்ளைப் பவுடரில் ஈரக் கோடு தெரியும். அந்தக் கோட்டின் மிக உயரமான முனைதான் கசிவின் பிறப்பிடம். அதைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள், ஓடோமீட்டரையும் சேர்த்து.

எல்லாக் கசிவுக்கும் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. சர்வீஸ் முடிந்து வந்த மறுநாளே கசிவு தொடங்கினால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலையும் தாண்டி ஆயில் வெளியேறும். எஞ்சினின் பிரீதர் குழாய் மடங்கியோ அடைத்தோ இருந்தாலும் இதே கதை. இன்னொன்று டிரெயின் போல்ட். அதன் அடியில் இருக்கும் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றாமல், கசியக் கூடாதே என்று போல்ட்டை மிதமிஞ்சி இறுக்குகிறார்கள். கூடு அலுமினியம், போல்ட் இரும்பு. கூட்டின் மரைதான் வழுக்கும். இவை சர்வீஸ் செய்தவரின் குறைகள், அதற்கு டீலர் பதில் சொல்ல வேண்டும்.

ஆலையிலேயே வரும் குறைகள் வேறு மாதிரி. கூட்டின் இரண்டு பாதிகள் சேரும் முகம் சமமாகக் கடையப்படாமல் இருக்கலாம். ஷாஃப்டின் மேற்பரப்பு சரியாக மெருகேற்றப்படாமல் இருக்கலாம். அலுமினியத்தை உருக்கி வார்க்கும்போது உள்ளே காற்றுக் குமிழ் சிக்கி, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உருவாவதும் உண்டு. அப்படிப்பட்ட கூட்டில் சீல், கேஸ்கட் எதுவும் இல்லாத வெறும் சுவரிலேயே எண்ணெய் ஈரம் கட்டும். துடைத்தால் போகும், சூடேறினால் திரும்ப வரும். அதன்மேல் பேஸ்ட் தடவி அனுப்புவார்கள். ஏற்காதீர்கள். துளையுள்ள கூட்டுக்குத் தீர்வு புதுக் கூடு.

வாரண்டிப் புத்தகத்தைப் புரட்டினால் ஆயில் சீல், கேஸ்கட், ரப்பர் பாகங்களை "தேயும் பாகங்கள்" என்று விலக்கியோ, குறுகிய காலத்துக்கு மட்டும் ஏற்றோ எழுதியிருப்பது வழக்கம். கவுன்ட்டரில் அந்த வரியைக் காட்டுவார்கள். உங்கள் பதில் தயாராக இருக்கட்டும்: சீல் தேயும் பாகமாக இருக்கலாம், ஷாஃப்டும் பேரிங்கும் கூடும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா? சீலைக் கெடுத்தது ஷாஃப்ட் என்றால் வாரண்டி ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும்.

இந்தச் சண்டையில் வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. ஜாப் கார்டுக்குத்தான் மதிப்பு. "ஜெனரல் செக்கப்" என்று எழுதிக்கொண்டால் கையெழுத்துப் போடாதீர்கள். "முன் ஸ்பிராக்கெட் ஷாஃப்ட் பகுதியில் ஆயில் கசிவு, இதே புகார் முன்பும் கொடுக்கப்பட்டது" என்று இடத்தைக் குறித்து எழுதச் சொல்லுங்கள். என்ன பாகம் மாற்றினார்கள் என்ற பில்லையும் ரூபாய் பூஜ்யம் என்றாலும் வாங்குங்கள். இரண்டாவது முறையும் கசிந்தால் டீலருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்புங்கள். வாரண்டி இருக்கும்வரை வெளி மெக்கானிக்கிடம் வண்டியைப் பிரிக்கக் கொடுக்க வேண்டாம். "வெளியே கை வைத்துவிட்டார்கள்" என்ற ஒரு வரி போதும், உங்கள் உரிமை போய்விடும்.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைத்துப் புகார் பதிவு செய்யலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்களுக்குச் சில வசதிகளைத் தந்திருக்கிறது. நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் ஊருக்குப் போக வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, அதாவது பெரும்பாலான பைக்குகளுக்குக் கட்டணமே கிடையாது. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆனால் முழு வண்டியையும் மாற்றித் தா என்று கேட்டால் அது சுலபமாகக் கிடைக்காது. 2006இல் ஒரு மாருதி கார் வழக்கில், வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றித் தரவோதான், வண்டியையே மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010இல் ஒரு ஃபியட் கார் வழக்கில், சுயேச்சையான நிபுணர் ஒருவர் வண்டியைச் சோதித்து, தயாரிப்புக் குறை இருப்பதாகச் சொன்னால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே நிபுணர் அறிக்கைதான் இந்த வழக்குகளின் உயிர். பொருளைச் சோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே நீங்கள் கேட்கலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. டீலரையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகப் போடுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நழுவுவது பழைய வித்தை.

ஒரே குறை ஆயிரக்கணக்கான வண்டிகளில் இருந்தால் அதற்கு வழி ரீகால். ஹோண்டா, 2021இல் தன் ஹைனஸ் சிபி350 வண்டிகளில் ஒரு பகுதியை, கியர் பெட்டியின் நான்காவது கியர் பகுதியில் வேறு மூலப்பொருள் பயன்படுத்தப்பட்டதற்காகத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு மே மாதம் ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயில் கோளாறுக்காக சுமார் 2,37,000 வண்டிகளை அழைத்தது. ஹார்லி டேவிட்சன் 2018 அக்டோபரில், கிளட்ச் ஹைட்ராலிக் சிலிண்டர் கசிவுக்காக உலகெங்கும் சுமார் 2,38,000 வண்டிகளை அழைத்தது. பெரிய கம்பெனிகளே தங்கள் தவறை ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்கின்றன என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன். ரீகால் செய்வது வெட்கமில்லை, புகாரை அமுக்குவதுதான் வெட்கம்.

இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்கீழ், கம்பெனி தானாக அழைக்காவிட்டால் மத்திய அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். எத்தனை உரிமையாளர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்ற கணக்கு அதற்கு முக்கியம். பலர் சர்வீஸ் சென்டரில் சத்தம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவதால் அந்தக் கணக்கில் அவர்கள் சேர்வதே இல்லை. பாதுகாப்பைத் தொடும் குறை என்றால், சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் உங்கள் வண்டியின் புகாரையும் பதிவு செய்யுங்கள்.

உங்கள் வண்டியின் வாரண்டி எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே எஞ்சின் அடியைக் கழுவித் துடைத்து, பவுடர் தூவி ஓட்டிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கே ஜாப் கார்டு போட்டுவிடுங்கள். வாரண்டிக் காலத்துக்குள் எழுத்தில் பதிவான புகாரை, வாரண்டி முடிந்துவிட்டது என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.