டிரெய்லர் சக்கரத்துக்குப் பேரிங் மாற்றும்போது நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும்?

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் எந்தப் பொருளும் சக்கரத்தின் மேல் ஏறாமல் காசாவதில்லை. முல்லைப் பெரியாற்று நீரில் விளையும் நெல், சின்னமனூர்ப் பகுதி வாழை, சுருளிப்பட்டித் திராட்சை, தோப்புத் தேங்காய் ஆகிய எதுவானாலும் வயலிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து மண்டிக்கும் போய்ச் சேர வேண்டும். முன்பு மாட்டு வண்டி செய்த இந்த வேலையை இன்று பெரும்பாலும் டிராக்டர் டிரெய்லர் செய்கிறது. டிராக்டர் எஞ்சினுக்கு நாள் பார்த்து ஆயில் மாற்றும் நாம், பாரம் முழுவதையும் தாங்கும் டிரெய்லர் சக்கரத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சென்ற ஆண்டு உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு வாழைத் தோட்டத்தில் நான் கண்டதை இங்கே குறிப்பிட வேண்டும். அந்த விவசாயியின் டிரெய்லருக்கு இடது சக்கரத்தில் பேரிங் தேய்ந்து புதிது போடப்பட்டது. வேலை நடந்தபோது நானும் அருகில் நின்றேன். ஸ்பானரில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, இருவர் சேர்ந்து நட்டை முடுக்கினார்கள். "இனிமேல் அசையாது" என்றார்கள். நானும் அது சரி என்றே எண்ணினேன். மூன்றாம் நாள் தார் ஏற்றிக்கொண்டு கிளம்பிய டிரெய்லர் 12 கி.மீ. கூடப் போகவில்லை. சக்கரத்திலிருந்து புகை வந்து, கிரீஸ் உருகி ஒழுகி, சக்கரம் நின்றுவிட்டது. தார்களை வேறு வண்டிக்கு மாற்ற இரவாகிவிட்டது. இருமுறை கை மாறியதில் காய்கள் உரசிக் கறுத்து, மறுநாள் மண்டியில் விலை இறங்கியது. பயிருக்குச் செய்த ஓராண்டுப் பாடு ஒரு நட்டினால் வீணாயிற்று. பயிர் பற்றியே எழுதிவந்த நான் சக்கரத்தைப் பற்றி எழுதக் காரணம் இதுவே.

பேரிங் எப்படி வேலை செய்கிறது?

டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப், நாட்டு வண்டிச் சக்கரத்தின் குடத்தைப் போன்றது. ஹப்பின் உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று என இரண்டு பேரிங்குகள் இருக்கும். இவை பெரும்பாலும் டேப்பர் ரோலர் பேரிங்குகள், அதாவது ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்த ரோலர்களைக் கொண்டவை. ரோலர்கள் பொருந்திய உள் வளையத்தைக் 'கோன்' என்றும், ஹப்பில் அழுந்தி நிற்கும் வெளி வளையத்தைக் 'கப்' என்றும் பட்டறைகளில் சொல்வார்கள். பெரும்பாலான டிராக்டர்களின் முன் சக்கரங்களிலும் இதே அமைப்புத்தான்.

இந்தப் பேரிங் வண்டித் தொழிலிலிருந்தே பிறந்தது. அமெரிக்காவில் வண்டி செய்யும் தொழிலில் இருந்த ஹென்றி டிம்கன் என்பவர் 1898-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பாரம் ஏற்றிய வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரத்தின் மேல் இரண்டு விசைகள் விழுகின்றன. ஒன்று மேலிருந்து அழுத்தும் பாரம்; மற்றொன்று பக்கவாட்டில் தள்ளும் விசை. சாய்வான ரோலர் இவ்விரண்டையும் தாங்கும். குமுளி, போடிமெட்டுச் சாலைகளின் கொண்டை ஊசி வளைவுகளில் ஓடும் வண்டிகளுக்கு இது எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சாய்வில் ஒரு கேடும் உண்டு. விறகு பிளக்கும் ஆப்பை அடிக்க அடிக்க அது இறுகுவது போல, நட்டை முடுக்க முடுக்கக் கோன் கப்புக்குள் ஏறி இறுகும். ரோலர்கள் உருள இடமின்றி நசுங்கும். உராய்வினால் சூடு பிறக்கும். சூட்டில் இரும்பு விரியும். விரிந்தால் இடம் இன்னும் குறையும். கிரீஸ் உருகி வெளியேறும். முடிவில் பேரிங் நீலம் பாய்ந்து, பற்றிக்கொண்டு நின்றுவிடும்.

நட்டு மிகவும் தளர்ந்திருந்தாலும் கெடுதலே. சக்கரம் ஆடும். பாரம் எல்லா ரோலர்களிலும் பரவாமல் ஒன்றிரண்டின் மேல் விழும். ஆயில் சீல் தேய்ந்து, தண்ணீரும் மண்ணும் உள்ளே புகும்.

கடையாணி சொல்லும் பாடம்

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் பழமொழி. நாட்டு வண்டியின் கடையாணியை நினைத்துப் பாருங்கள். அது சக்கரத்தை அழுத்திப் பிடிப்பதில்லை. சக்கரம் கழன்று போகாமல் காவல் நிற்கிறது, அவ்வளவுதான். டேப்பர் ரோலர் பேரிங்கின் நட்டுக்கும் அதே வேலைதான். முடுக்கி வைப்பது அதன் வேலையன்று. பேரிங்கை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதே அதன் வேலை. இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

கழற்றுமுன் செய்ய வேண்டியவை

1. பாரத்தை இறக்கிவிட்டு, டிரெய்லரைக் கெட்டித் தரையில் நிறுத்தவும். மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கவும்.

2. ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. அச்சுக்கு அடியில் தாங்கியோ கனத்த மரக்கட்டையோ கொடுக்க வேண்டும். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் பாரத்தில் உடைந்துவிடும்.

3. புதிய பேரிங் வாங்கும்போது பழையதன் எண்ணைப் பார்த்து வாங்கவும். எடுத்துக்காட்டாக 30206 என்ற எண்ணில் கடைசி இரண்டு இலக்கமான 06-ஐ 5-ஆல் பெருக்கினால் 30 வரும். உள்துளை 30 மி.மீ. என்பது இதன் பொருள்.

4. கோனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை அப்படியே விடக்கூடாது. தேய்ந்த கப் புதிய ரோலரைச் சில நாளில் அரித்துவிடும். இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஆயில் சீலும் புதிதாக இருக்க வேண்டும்.

பொருத்தும் முறை

ஹப்பின் உட்புறத்தையும் அச்சையும் மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவித் துணியால் துடைத்து நன்றாக உலர விடவும். புதிய கப்பை அடிக்கும்போது சுத்தியல் நேரே படக்கூடாது. பித்தளைத் தண்டை வைத்து, சுற்றிலும் மாறி மாறித் தட்டி, அடிவரை இறக்க வேண்டும். பேரிங் இரும்பு மிகக் கடினமானது. அடிபட்டுச் சில்லுத் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

சக்கரப் பேரிங்குக்கு உரிய கிரீஸை உள்ளங்கையில் வைத்து, கோனின் பருத்த பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி எடுக்கவும். மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும் வரை சுற்றிலும் இவ்வாறு செய்ய வேண்டும். மேலே பூசிவிட்டால் போதாது. பழைய கிரீஸுடன் வேறு வகைக் கிரீஸைக் கலக்கவும் கூடாது.

நட்டை முடுக்கும் முறை

ஹப்பை அச்சில் ஏற்றி, வெளிப் பேரிங், வாஷர், நட்டு ஆகியவற்றை வரிசையாகப் போட்ட பிறகு கீழ்க்கண்டவாறு செய்யவும்.

முதல் படி: ஒருவர் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க, மற்றவர் நட்டை முடுக்க வேண்டும். சிறு டிரெய்லர்களுக்கு ஏறத்தாழ 7 கிலோ-மீட்டர் முடுக்கம் போதும். அதாவது, அரை மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியை 14 கிலோ விசையுடன் இழுப்பதற்குச் சமம். டிரெய்லரைச் செய்தவர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றவும். சக்கரம் சுற்றும்போது முடுக்கினால்தான் ரோலர்கள் வரிசையாகத் தம் இடத்தில் அமரும். ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 60 கிலோ எடையுள்ள ஆள் தொங்கினால் 60 கிலோ-மீட்டர் ஆகிவிடும்; இது தேவைக்கு எட்டு மடங்குக்கும் மேல்.

இரண்டாம் படி: இப்போது சக்கரத்தைச் சுற்றாமல் நட்டை முழுவதும் தளர்த்தவும். பலரும் விட்டுவிடும் படி இதுவே. முதலில் முடுக்கியது ரோலர்களை அமர்த்துவதற்காக மட்டுமே. அந்த இறுக்கத்துடன் வண்டியை ஓட்டக்கூடாது.

மூன்றாம் படி: ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, விரல்களால் மட்டும் நட்டைத் திருகி, வாஷரில் பட்டதும் நிறுத்தவும்.

நான்காம் படி: நட்டின் வெட்டும் அச்சின் துளையும் நேராக இருந்தால் பின் போடலாம். நேராக இல்லையெனில், அடுத்த வெட்டு வரும் வரை நட்டைத் தளர்த்தவே வேண்டும். துளைக்காக முடுக்கக்கூடாது. மரையின் இடைவெளி 1.5 மி.மீ. என்றால், நட்டின் ஒரு சுற்று 1.5 மி.மீ. நகர்த்தும். ஆறு வெட்டுள்ள நட்டில் ஒரு வெட்டுத் தூரம் 0.25 மி.மீ. ஆகும். அச்சில் குறுக்காக இரு துளைகள் இருந்தால் அதில் பாதியாகிய 0.125 மி.மீ. தூரத்திலேயே பின் போட முடியும். இவ்வளவு சிறு தூரம்தான் பேரிங் உழைப்பதையும் எரிவதையும் முடிவு செய்கிறது.

ஐந்தாம் படி: புதிய பின்னைப் போட்டு இரு கால்களையும் மடக்கவும். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதும், கம்பியோ ஆணியோ செருகுவதும் வேண்டாம். நட்டு விரல் இறுக்கத்தில் இருப்பதால், அது கழலாமல் காப்பது இந்தப் பின் ஒன்றே.

சரிபார்ப்பது எப்படி?

சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கரகர ஒலியின்றித் தடையில்லாமல் சுழல வேண்டும். பிறகு டயரின் மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் இரு கைகளால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டவும். கைக்குத் தெரிந்தும் தெரியாததுமான அசைவு இருக்க வேண்டும். அளவு கருவி கொண்டு பார்த்தால் 0.025 முதல் 0.125 மி.மீ. வரை இருப்பது சரியானது. ஏறக்குறைய ஒரு தாளின் தடிப்பே இதன் மேல் எல்லை. அசைவே இல்லையென்றால் நட்டு இறுகியிருக்கக்கூடும். மீண்டும் தளர்த்தி முதலிலிருந்து செய்யவும். 'டக் டக்' என்று ஆடினால் தளர்வு அதிகம்.

முதல் பாரம் ஏற்றிச் சென்று நிறுத்தியதும் இரு பக்க ஹப்களையும் புறங்கையால் மெல்லத் தொட்டு ஒப்பிடவும். இளஞ்சூடு இருக்கலாம். ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டால் உடனே கவனிக்க வேண்டும். பிரேக் உள்ள டிரெய்லரில் அது பிடித்துக்கொண்டிருந்தாலும் இப்படிச் சுடும். 50 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளையும் ஒருமுறை சரிபார்க்கவும்.

ஆற்றில் இறக்கிக் கழுவலாமா?

பாரம் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் டிரெய்லரை ஆற்றிலோ வாய்க்காலிலோ இறக்கிக் கழுவும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, சீலின் இடுக்கு வழியாக நீரை உள்ளே இழுக்கும். அந்த நீர் கிரீஸைக் கெடுத்துப் பேரிங்கைத் துருப்பிடிக்கச் செய்யும். சூடு ஆறிய பிறகு, ஹப் நனையாத ஆழத்தில் கழுவுவதே நல்லது. சேற்று வயலில் இறங்கி வேலை செய்த டிரெய்லரை அறுவடை முடிந்ததும் ஒருமுறை பிரித்துப் பார்த்துக் கிரீஸ் மாற்றவும்.

கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

மேற்சொன்ன முறையை எல்லா வண்டிக்கும் பொதுவென்று கொள்ளக்கூடாது. பழைய கார்கள் சிலவற்றின் பின் சக்கரத்தில் டேப்பர் ரோலர் பேரிங்குகள் இருந்தன. அவற்றுக்கு இம்முறை பொருந்தும். ஆனால் இன்றைய கார்கள் பலவற்றின் பின் சக்கரத்தில் இருப்பது மூடி முத்திரையிட்ட ஒற்றைப் பேரிங். இதன் உள் இடைவெளி தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டுவிட்டது. உள் வளையங்களைச் சேர்த்து இறுக்கிப் பிடிப்பதே இங்கு நட்டின் வேலை. ஆகவே இதை விரல் இறுக்கத்தில் விட்டால் பேரிங் விரைவில் கெடும். அந்தக் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு, டார்க் ரெஞ்ச் என்னும் அளவு ஸ்பானரால் முழுமையாக முடுக்க வேண்டும். ஒருமுறை கழற்றிய நட்டுக்குப் பதில் புது நட்டுப் போடும்படி கையேடு கூறியிருந்தால் அதை மீறக்கூடாது. பேரிங் எந்த வகை என்று தெரிந்துகொண்ட பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும்.

டார்க் ரெஞ்ச் ஒன்றை ஊரில் நாலைந்து விவசாயிகள் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். பட்டறையில் வேலை நடக்கும்போது அருகில் நின்று, "முடுக்கிய பிறகு தளர்த்தினீர்களா? புதுப் பின் போட்டீர்களா?" என்ற இரண்டு கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். நான் அன்று கேட்கத் தவறியவை இவையே. டிரெய்லரில் போவது நம் விளைச்சல் மட்டுமன்று. அதை ஓட்டிச் செல்பவரின் உயிரும், எதிரே வருபவரின் உயிரும் அந்தச் சக்கரத்தை நம்பியே இருக்கின்றன. அடுத்த அறுவடைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் டிரெய்லரின் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, கையால் ஆட்டிப் பாருங்கள்.