தானிய வீடும் புத்தக வீடும்



பேர்ண் நகரின் பழைய மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கல் கட்டடம் இருக்கிறது. அதன் பெயர் கோர்ன்ஹவுஸ். தமிழில் சொன்னால் ‘தானிய வீடு’. 1711 முதல் 1718 வரை அதைக் கட்டினார்கள். விளைச்சல் குறைந்தால் சனங்கள் பசி கிடக்கக்கூடாது. அதனால் நல்ல வருஷத்துத் தானியத்தை அங்கே சேமித்து வைத்தார்கள். இப்போது அங்கே தானியம் இல்லை. ஒரு பொது நூலகம் இருக்கிறது.

பொது நூலகம் என்ன செய்யும்?

புத்தகக் கடையில் ஒரு புத்தகத்தை ஒருவர்தான் வாங்கலாம். நூலகத்தில் அதே புத்தகத்தை இன்றைக்கு நீங்கள் வாசிக்கலாம், அடுத்த மாதம் இன்னொரு பிள்ளை வாசிக்கலாம். இதைத்தான் ‘இரவல்’ என்கிறோம். அங்கே இருந்து படிக்கலாம், பத்திரிகை பார்க்கலாம். தேடுவது கிடைக்கவில்லையா? நூலகரிடம் கேளுங்கோ. உதவி செய்வது அவருடைய வேலை.

யாழ்ப்பாணத்து நூலகம்

உங்கள் அம்மம்மா, அப்பப்பா பலருக்குத் தெரிந்த ஒரு நூலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1933 இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டிலிருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அதுதான் ஆரம்பம். ஊர்ச் சனங்கள் சேர்ந்து அதை வளர்த்தார்கள். 1959 இல் அழகான வெள்ளைக் கட்டடம் திறக்கப்பட்டது. வாசலில் சரஸ்வதி சிலை வைத்தார்கள்.

ஆனால் 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில், தமிழர்களுக்கு எதிரான வன்முறையில், அந்த நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 புத்தகங்களும் சுவடிகளும் சாம்பலாயின. சில ஓலைச்சுவடிகளுக்கு வேறு எங்குமே பிரதி இல்லை. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாராலும் வாசிக்க முடியாது.

கட்டடத்தைத் திரும்பக் கட்டினார்கள். 2003 இல் நூலகம் மீண்டும் இயங்கத் தொடங்கியது. புதிய புத்தகங்கள் வந்தன. ஒரே ஒரு பிரதியாக இருந்தவை மட்டும் திரும்பி வரவில்லை.

எரியாத நூலகம்

கணினி வேலை செய்கிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான கோப்பை ஒரே இடத்தில் வைக்க மாட்டோம். இரண்டு மூன்று பிரதி எடுத்து, வேறு வேறு இடங்களில் வைப்போம். ஒன்று போனால் மற்றது இருக்கும்.

இப்படித்தான் 2005 இல் தன்னார்வலர்கள் சிலர் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்துப் புத்தகம், பத்திரிகை, பாடசாலை மலர் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்கிறார்கள். பிறகு தலைப்பு, எழுதியவர், ஆண்டு ஆகியவற்றைப் பதிவு செய்கிறார்கள். பதிவு சரியாக இல்லாவிட்டால் புத்தகம் இருந்தும் தேடிப் பிடிக்க முடியாது! பேர்ணில் இருந்தபடியே நீங்களும் அவற்றை இலவசமாக வாசிக்கலாம்.

இனி என்ன செய்யலாம்?

இந்த வேலை இன்னும் முடியவில்லை. உங்கள் வீட்டு அலுமாரியிலும் பழைய தமிழ்ப் புத்தகம், கோயில் மலர், நினைவு மலர் இருக்கலாம். நினைவு மலரில் ஊரின் பெயரும் குடும்பத்தின் கதையும் இருக்கும். பழசு என்று எறிய வேண்டாம். அது ஒரே பிரதியாகவும் இருக்கலாம். அம்மா, அப்பாவோடு இருந்து வாசித்துப் பாருங்கோ. உங்கள் ஊர் நூலகத்திலும், “தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா?” என்று கேளுங்கோ. கேட்பவர்கள் இருந்தால்தான் தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்று நூலகருக்குத் தெரியும்.

புதிய சொற்கள்
இரவல் – திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லி வாங்குவது
ஓலைச்சுவடி – பனை ஓலையில் எழுதிய பழைய நூல்
பிரதி – ஒன்றைப் போலவே உள்ள இன்னொன்று

செய்து பாருங்கள்
1. கோர்ன்ஹவுஸில் முன்பு எதைச் சேமித்தார்கள்? ஏன்?
2. எரிந்த சுவடிகள் ஏன் திரும்பி வரவில்லை?
3. வீட்டிலுள்ள மிகப் பழைய தமிழ்ப் புத்தகத்தைத் தேடுங்கள். அதன் தலைப்பு, எழுதியவர், ஆண்டு மூன்றையும் எழுதி வாருங்கள்.