மேற்பார்வைக் கூலி: எதன் மேல் நூற்றுக்கு எத்தனை?

(நமது பாலக்காடு நிருபர்)

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கங்களில் ஏதாவது ஒரு வீடு எழும்பாத தெரு இல்லை எனலாம். காலை முதல் பஸ்ஸில் பொள்ளாச்சியிலிருந்து கொத்தனார்களும் சித்தாள்களும் கோபாலபுரம் எல்லையைத் தாண்டி வந்து இறங்குகிறார்கள். இடுக்கி மாவட்டத்திலும் இதே கதைதான். மறையூருக்கு உடுமலையிலிருந்தும், பூப்பாறை, சாந்தம்பாறைக்குப் போடியிலிருந்தும், குமுளிக்குக் கம்பத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர்கள் கிராஜுவிட்டியும் பி.எப். பணமும் கைக்கு வந்ததும் தேடுவது கால் நீட்டிப் படுக்கச் சொந்தமாக ஒரு வீடு.

அப்படிக் கட்டியவர்களிடம் கல்லுக்கு எவ்வளவு, கம்பிக்கு எவ்வளவு என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்கள். "வேலையை நின்று நடத்திக் கொடுத்தவருக்கு எவ்வளவு?" என்று கேட்டால் பலர் முழிக்கிறார்கள். "அதெல்லாம் மொத்தத்திலேயே போச்சுங்க சார்" என்பதுதான் பதில்.

முன்பெல்லாம் மேஸ்திரியே எல்லாம். ஆள் கூலியில் தலைக்கு இவ்வளவு என்று அவர் எடுத்துக்கொள்வார். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இன்று இன்ஜினியர் ஆபீஸ் வந்துவிட்டது. பிளான் போடுவது, பஞ்சாயத்தில் அனுமதி வாங்குவது, சாமான் வாங்குவது, ஆள் விடுவது, பில் பார்ப்பது எல்லாம் ஒரே கையில். பெரிய பெரிய கட்டடங்களுக்குத் திட்ட மேலாளர் என்று ஒருவரை வைப்பார்களே, அந்த வேலையேதான் இதுவும். அளவுதான் சிறிது. இதற்குக் கூலி வாங்கும் முறையும் அங்கிருந்து வந்ததே: மொத்தச் செலவில் நூற்றுக்கு இத்தனை.

இதில் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ரயில்வேயில் குமாஸ்தா வேலை. நாள் முழுக்கச் சதவீதக் கணக்கை டிக் அடிப்பவன். ஆனாலும் சொந்த வீடு கட்டியபோது, பக்கத்து ஊர் இன்ஜினியர் ஒருவருடன் செலவில் நூற்றுக்கு 8 என்று பேசிக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். எஸ்டிமேட் 18 லட்ச ரூபாய். அதன்படி அவர் கூலி 1,44,000 ரூபாய். வீடு முடிந்தபோது செலவு 23 லட்சம். கூலி 1,84,000 ஆகிவிட்டது. ஐந்து லட்ச ரூபாய் குறைத்துக் கணக்குப் போட்டது அவர். அந்தப் பிசகுக்காக 40,000 ரூபாய் அதிகம் பெற்றுக்கொண்டதும் அவரேதான். "ஆபீஸிலே ஊரார் பில்லையெல்லாம் பார்க்கிறீங்க, நம்ம பில்லைப் பார்க்கத் தெரியலையா?" என்று என் வீட்டுக்காரி கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ரயில்வேயிலும் இந்த வழக்கம் இல்லாமலில்லை. லெவல் கிராசிங்கில் மேம்பாலம் வேண்டும் என்று மாநில அரசு கேட்டாலும், ஓர் ஆலை தனக்கென்று தனிப்பாதை கேட்டாலும், பணத்தை முன்கூட்டியே கட்டவேண்டும். டெபாசிட் வேலை என்று இதற்குப் பெயர். வேலைச் செலவின் மேல் இலாகா கட்டணம் என்று நூற்றுக்கு 12.5 சேர்ப்பது பல காலம் இருந்துவந்த வழக்கம். கேட்டவரே வேலையைச் செய்துகொண்டு, ரயில்வே மேற்பார்வை மட்டும் பார்த்தால் 6.25. செலவு ஏறினால் கட்டணமும் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் இன்ஜினியரிங் இலாகா எழுதும் ஒவ்வொரு பில்லையும் கணக்கு இலாகா என்று இன்னொன்று உட்கார்ந்து பார்க்கிறது. வீடு கட்டும் ஓய்வுபெற்ற தொழிலாளிக்குக் கணக்கு இலாகா ஏது?

அமெரிக்கா இதில் பெரிய அளவில் கையைச் சுட்டுக்கொண்ட நாடு. முதல் உலகப் போர்க் காலத்தில் முகாம்களையும் ஆலைகளையும் அவசரமாகக் கட்ட, ஆன செலவோடு ஒரு பங்கும் சேர்த்துத் தருகிறோம் என்றார்கள். செலவைக் குறைக்க யாருக்கும் அக்கறை இல்லாமல் போயிற்று. அடுத்த போர் வந்து, 1941 டிசம்பரில் போர்க்கால அதிகாரச் சட்டம் இயற்றியபோது, செலவில் சதவீதம் என்ற ஒப்பந்தத்தைக் கூடாது என்றே எழுதிவைத்தார்கள். செலவைத் தருவோம், கூலி மட்டும் முன்கூட்டிப் பேசிய தொகை என்று மாற்றிக்கொண்டார்கள்.

நம் பக்கத்திலேயே இருக்கும் இடுக்கிக்கு வருவோம். இடுக்கி அணை வேலை 1969-ல் தொடங்கியது. 1976 பிப்ரவரி 12-ல் மின் திட்டத்தைத் திறந்து வைத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. கனடா நாட்டு உதவியோடு நடந்த திட்டம் இது. ஆலோசகராக வந்தது மாண்ட்ரியலைச் சேர்ந்த எஸ்.என்.சி. கம்பெனி. அணையைக் கட்டியவர்கள் வேறு, யோசனை சொன்னவர்கள் வேறு. இரண்டும் ஒரே பையில் போகவில்லை.

அதே கம்பெனி லவலின் என்ற கம்பெனியோடு சேர்ந்து, எஸ்.என்.சி. லவலின் என்ற பெயரில் திரும்பவும் வந்தது. பள்ளிவாசல், செங்குளம், பன்னியாறு ஆகிய மூன்று பழைய மின் நிலையங்களைப் புதுப்பிக்கும் வேலை. பள்ளிவாசல் 1940-ல் ஓடத் தொடங்கிய, கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம். மூணாறு போகிறவர்கள் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். 1995 ஆகஸ்டில் மின்வாரியத்தோடு புரிந்துணர்வு, 1996 பிப்ரவரியில் ஆலோசனை ஒப்பந்தம், 1997-ல் அதுவே இயந்திரம் சப்ளை செய்யும் ஒப்பந்தமாக உருமாறியது. யோசனை சொல்ல வந்தவரே கடை விரித்தார். மொத்தச் செலவு 374 கோடி ரூபாய்க்கு மேல். போட்டி டெண்டர் இல்லை என்றும், செலவுக்குத் தக்க பலன் இல்லை என்றும் மத்தியத் தணிக்கைத் துறை எழுதியது. பின்பு சி.பி.ஐ. வழக்கு. 2013-ல் தனி நீதிமன்றம் அன்றைய மின்துறை அமைச்சர் உள்பட குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2017-ல் உயர் நீதிமன்றம் அமைச்சரையும் இன்னும் இருவரையும் விடுவித்தது சரியே என்றது. யார் குற்றவாளி என்பது கோர்ட் வேலை. அதில் நாம் புகவேண்டாம். ஆனால் எது தேவை என்று சொல்பவரே அதை விற்கவும் செய்தால், தேவை குறையவே குறையாது. இது கோடிக் கணக்குக்கு மட்டுமல்ல, மறையூரில் 600 சதுர அடி வீட்டுக்கும் பொருந்தும்.

எப்படி என்று கேட்கலாம். "இந்தக் கடையில்தான் டைல்ஸ் வாங்கணும்" என்று இன்ஜினியர் சொல்லும்போது, கடைக்காரர் அவருக்குத் தனியாக ஏதாவது தருகிறாரா என்று நமக்குத் தெரியாது. கொழிஞ்சாம்பாறையில் பல வருஷமாகத் தொழில் செய்யும் ஒரு மேஸ்திரியிடம் இதைக் கேட்டபோது சிரித்தார். "ஏனுங்க, நூத்துக்கு மூணுதான் வாங்கறேன்னு ஒருத்தர் சொன்னா, மிச்சம் எங்கிருந்து வருதுன்னு நீங்கதானுங்க கேட்டுக்கணும்" என்றார்.

சதவீதத்தை விட்டால் வேறு என்ன வழி? ஒன்று, மொத்தத் தொகை. வீட்டு மேற்பார்வைக்கு இவ்வளவு என்று பேசி, அஸ்திவாரம், லிண்டல், தளம், பூச்சு என்று வேலை ஏற ஏறத் தவணையாகக் கொடுப்பது. செலவு ஏறினாலும் கூலி ஏறாது. இன்னொன்று மாதச் சம்பளம். வேலை இழுத்தால் சம்பளமும் இழுக்கும் என்பது இதில் உள்ள பயம். எல்லோரும் அப்படியல்ல. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது, அதைச் சீராக்கும் பொறுப்பில் இருந்தவர் நம் பாலக்காடு மாவட்டத்துக்காரரான இ. ஸ்ரீதரன். ரயில்வே சம்பளக்காரர். ரயில்வே ஆறு மாதம் என்று மதிப்பிட்ட வேலையை 46 நாளில் முடித்தார். கிடைத்தது அமைச்சரின் விருது. ஆனால் அப்படிப்பட்டவர் நம் வீட்டு வேலைக்கு வருவார் என்று நம்பி ஒப்பந்தம் எழுத முடியாது.

பெரிய கட்டடங்களில் உச்சவரம்பு முறையும் உண்டு. இதற்கு மேல் போனால் நடத்துபவர் கையிலிருந்து; குறைத்து முடித்தால் மிச்சத்தில் அவருக்கும் ஒரு பங்கு. சிறிய இன்ஜினியர்கள் இதற்குச் சம்மதிப்பது அரிது.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. மொத்தத் தொகை பேசியபின் வீட்டுக்காரர் வாரம் ஒரு முறை சுவரை மாற்றச் சொல்வார். மாடி ஏற்றுவார். மச்சினன் சொன்னார் என்று சமையலறையைக் கிழக்கே தள்ளுவார். மூணாறு பக்கம் என்றால் வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்றுக்கு எத்தனை முறை ஏறி இறங்குவது என்பதும் கணக்கில் வராது. ஆகவே, மாற்றங்களுக்கும் காகித வேலைக்கும் தனித்தொகை என்று முதலிலேயே எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள ஆபீஸ் என்றால் கூலியின் மேல் 18 சதவீதம் வரியும் வரும். அது பேசிய தொகைக்குள்ளா, வெளியிலா என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மறையூரில் என் தங்கையின் கணவர் இப்போது வீடு கட்டுகிறார். என் கதையைக் கேட்டபின் ஒப்பந்தத் தாளோடு பாலக்காட்டுக்கே வந்துவிட்டார். "மச்சான், நீங்க பட்டது போதும், இதைப் படிச்சுச் சொல்லுங்க" என்றார். எஸ்டிமேட் 12 லட்சம். மேற்பார்வை 90,000 ரூபாய் என்று ஒரே தொகை, ஐந்து தவணை. சாமான் பில் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில், பணம் கடைக்கு நேராக. எஸ்டிமேட்டை வீட்டுக்காரர் மாற்றாமல் செலவு நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏறினால் கடைசித் தவணை பாதி. இந்தக் கடைசி வரிக்கு இன்ஜினியர் இரண்டு நாள் யோசித்துத்தான் கையெழுத்திட்டார். வீடு இப்போது லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. இரண்டு தவணை கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது, தளம் போட்டபிறகுதான்.