கொட்டகைக்குள் இரு கட்சிகள்

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், பாக்குத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற வாழப்பாடியில் அண்மையில் ஓர் இரவு தங்கினோம். கோவில் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ நாடகம். திடல் நிறைய ஜனங்கள். அருகிலிருந்த இளைஞர் ஒருவர், “சுதந்தரப் போராட்ட காலத்தில் இந்நாடகத்தைப் பார்த்தவர்கள் யாவரும் ஒரே மனத்தினராகத்தானே இருந்திருப்பார்கள்?” என்று வினவினார். அவருக்கு நாம் கூறிய விடையை நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

தேசிய நாடகம் என்றால் அயர்லாந்தைச் சுட்டுவது வழக்கம். டப்ளின் நகரில் 1904-இல் அபே நாடகசாலை திறக்கப்பட்டது. 1907 ஜனவரியில் அங்கே ஸிங் என்பவரின் நாடகம் ஒன்று அரங்கேறியது. அது ஐரிஷ் குடியானவர்களை இழிவுபடுத்துகிறதென்று தேசியவாதிகள் கூச்சலிட்டுக் கொட்டகையைக் கலக்கினர். கவிஞர் யேட்ஸோ கலைஞனின் சுதந்தரத்துக்காக வாதாடினார். நிர்வாகத்தார் போலீஸையே வரவழைத்தனர். இரு தரப்பாரும் அயர்லாந்தை நேசித்தவர்களே!

நம் நாட்டிலும் பிளவு இருந்தது. அதன் உருவம் வேறு. 1886-இல் சிவகாசியில் பிறந்த எஸ். எஸ். விசுவநாததாஸ் முருகன் வேஷத்தில் புகழ் பெற்றவர். வள்ளியின் தினைப்புனக் கதைக்கு நடுவே வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். எந்தக் கொக்கு என்பது ஜனங்களுக்கும் தெரியும். காவல் நின்ற போலீஸாருக்கும் தெரியும். ஜனங்கள் கைதட்டுவர், போலீஸார் கைது செய்வர். பன்முறை அவர் சிறை சென்றார்.

இது கண்ணுக்குத் தெரிந்த பிளவு. மற்றொன்றும் உண்டு. தாஸ் நாவிதர் குலத்தில் பிறந்தவர். அதைக் காரணமாகக் கூறி அவருடன் நடிக்க மறுத்தவர்கள் இருந்தனர். மேடையில் அவரைக் கண்டு கைகூப்பிய சமூகமே, அவர் குலத்தாரை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தியது. தேசத்துக்குச் சிறை சென்றவருக்கும் ஜாதியிலிருந்து விடுதலை கிட்டவில்லை.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில், மயில்மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் நீத்தார்.

டப்ளின் ரஸிகர்களின் பிணக்கு கூச்சலாக வெளிவந்தது. நம்மவர் பிணக்கோ கைதட்டலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. ஒளிந்ததைக் களைவதுதான் கடினம்.

இவ்வாறு நாம் சொல்லி முடிக்கையில், வாழப்பாடித் திடலில் முருகன் தோன்றினான். “வேஷம் கட்டியிருப்பவர் என்ன ஜாதி?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. இளைஞர் திரும்பிப் பார்த்து, “இன்றிரவு அவர் முருகன், ஐயா, நாளைக் காலையில் நம்மில் ஒருவர்” என்றார்.

நமக்கு மனம் நிறைந்தது.